மண் சுவருக்கு ஏன் இந்த அவமரியாதை?

மண் வீடு என்று பேச்செடுத்தால், வடபழனியில் என்னோடு காலை நடை வருகிறவர்கள் இரண்டு பதில்தான் சொல்கிறார்கள். "மழை பெய்தால் கரைஞ்சிடும் சார்" என்பது ஒன்று. "அதெல்லாம் இப்போ பணக்காரங்க ஃபேஷன்" என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் அதற்கு வேண்டிய கருவிகளைப் பாருங்கள். மண்வெட்டி, கடப்பாரை, சல்லடை, பாண்டு, திமிசுக்கட்டை, கல் அறுக்க ஒரு மர அச்சு, கரணை, தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப். எல்லாம் நம் வயதுக்காரர்கள் பார்த்து வளர்ந்தவை. இதில் பணக்காரத்தனம் எங்கே இருக்கிறது?

என்னைக் கேட்டால், இவற்றைவிட உபயோகமான கருவி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் சில நிமிஷத்தில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல். களி படிய மறுநாள்கூட ஆகலாம். களி அதிகமென்றால் சுவர் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும். மணல் அதிகமென்றால் பிடிப்பு இருக்காது. காலணா செலவில்லாத சோதனை.

கரைந்துவிடும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கருங்கல் அடித்தளத்தைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி எழுப்பி, இறவாரத்தை நன்றாக வெளியே இறக்கினால் மண் சுவர் நிற்கும். 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம் தேங்குகிற இடத்தில் பச்சை மண் கூடாதுதான். அதற்கும் வழி இருக்கிறது. ஆரோவில்லில் கையாலேயே அழுத்தும் ஆரம் 3000 என்ற இயந்திரம் செய்தார்கள். ஈர மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தினால் சூளையே வேண்டாத கல் கிடைக்கும். அப்படிக் கட்டிய அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் ஹசன் பாத்தி விருது கிடைத்தது. அது ஏழைகளுக்கான கட்டடக்கலை விருது.

என் கோபம் சர்க்கார் மேலும்தான். மண் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1725 இருக்கிறது, 2013-ல் திருத்தியும் வெளியிட்டார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மண் சுவரும் சுடாத செங்கல்லும் தற்காலிகப் பொருள்! இந்த முத்திரை ஊர் வாயில் 'கச்சா வீடு' ஆகி, கல்யாணப் பேச்சு வரைக்கும் வருகிறது.

திண்டிவனம் பக்கத்தில் என் சித்தப்பா மகன், பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் குறைவாக நினைப்பார்களே என்று, தாத்தா கட்டிய மண் வீட்டை இடித்தான். இரண்டு ஆள் கடப்பாரையோடு நாலு நாள் மல்லுக்கட்டினார்கள். அந்தத் 'தற்காலிக' சுவர் அவ்வளவு லேசில் விழவில்லை. புது வீட்டுக்கு அடகு வைத்த நகை இன்னும் திரும்பவில்லை. வெயில் காலத்தில் பகலெல்லாம் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரோவில் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அதே மண் வேலையைக் கற்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

நூறடி ரோட்டில் மண் வீடு கட்டச் சொல்லவில்லை. ஊரில் நல்ல மண் சுவர் வைத்திருக்கிற சொந்தக்காரர் இடிக்கலாமா என்று உங்களைக் கேட்டால், ஒரு விவரம் தெரிந்த கொத்தனாரை அழைத்து அடித்தளத்தையும் இறவாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கடன் வாங்குவதைப் பிறகு பேசலாம்.