ஹெல்பராகவே ஓர் ஆயுளா?

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். பின்னர் இந்தப் பகுதியில் குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. ஊருக்கே அதன் பெயர் நிலைத்தது. புதிய தொழிலைக் கற்றுக்கொடுத்ததால் வளர்ந்த ஊர் இது!

இன்று நாகல்கேணி வழியாகத் திருநீர்மலை செல்லும் சாலையில் ஒரு தொழிலாளியை நிறுத்திக் கேளுங்கள். பதினைந்து வருடம் உழைத்தவரும் "ஹெல்பர்" என்றே சொல்வார். இது யார் குற்றம்?

"கூடவே நின்றால் தானாகப் பழகிக்கொள்வான்" என்கிறார்கள் முதலாளிமார்கள். பார்த்துப் பழகியவனுக்கு எத்தனை வாளி ஊற்ற வேண்டும் என்பது தெரியும். ஏன் என்பது தெரியாது. குரோம் உப்பு தோலுக்குள் இறங்கும்வரை டிரம்மில் அமிலத்தன்மை இருக்க வேண்டும். இறங்கிய பிறகே காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் குரோம் தோலின் மேலேயே தங்கும். மிச்சம் கழிவுநீரில் போகும். சரக்கும் கெட்டது, நீரும் கெட்டது! 1996-ல் செங்கை எம்.ஜி.ஆர். உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு உச்ச நீதிமன்றம் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததை வியாபாரிகள் மறந்துவிட்டார்களா?

நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. முடி நீக்கும் சல்பைடு கழிவு, அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தொட்டிக்குள் இறங்கியவனை அது கணத்தில் சாய்த்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்காமல், பாதுகாப்பும் இல்லாமல் ஒருவனை உள்ளே இறக்குவது சிக்கனமா? அநியாயம்!

"கற்றுக்கொடுத்தால் பக்கத்து ஆலைக்கு ஓடிவிடுவான்" என்பது அடுத்த சாக்கு. ஏன் ஓடுகிறான்? தொழில் கற்ற பிறகும் ஹெல்பர் கூலியே கொடுப்பதால்தான்! வேலைக்குரிய கூலியைக் கொடுத்துப் பாருங்கள்.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். சட்டம் சொல்லும் அப்ரண்டிஸ் வேறு. "டிரெயினி" என்று பெயர் சூட்டி, முழு வேலை வாங்கி அரைச் சம்பளம் கொடுப்பது வேறு. பின்னது பயிற்சியல்ல, சுரண்டல்!

இளைஞனே! உனக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஓர் ஆலை மாறாதே. ஒரு தொழிலை முழுதாகக் கற்றுக்கொண்டு வெளியே வா. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு நடக்கும் குறுகியகாலப் பயிற்சிகளை விசாரித்துப் பார். அந்த வாசலை நீ எத்தனை முறை மிதித்திருக்கிறாய்?

வியாபாரப் பெருமக்களே! வேலை நேரத்திலேயே பயிற்சி கொடுங்கள். கற்றதை எழுதிச் சான்று கொடுங்கள். கற்றவனுக்குக் கூலியை உயர்த்துங்கள். தோலைப் பதப்படுத்தத் தெரிந்த நீங்கள், உழைக்கும் கையைப் பக்குவப்படுத்துவது எப்போது?