ஒரே ஒரு ஆட்டம் போதுமா?



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, காதல் கவிதை வேண்டாம், ஏற்கெனவே பதினாறு வந்துவிட்டது என்றும் சேர்த்தே சொன்னார். எனக்குக் கவிதை வராது. தெரிந்ததெல்லாம் ஸ்டாப்பர் பேக் இடத்தில் நின்று, வருகிற பந்தைத் தூர உதைப்பது ஒன்றுதான். ஆகவே கால்பந்தைப் பற்றியே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மண்டல அளவிலான பாலிடெக்னிக் கால்பந்துப் போட்டிக்கு நம் அணி போனது பலருக்குத் தெரியும். திரும்பி வந்தது பலருக்குத் தெரியாது. காரணம், அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோம்!

விடியற்காலை நாலரைக்கு விடுதியை விட்டுக் கிளம்பினோம். மெஸ்ஸில் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு பன், ஒரு டீ. ஒன்பது மணிக்கு ஆட்டம். இருபத்தைந்து, இருபத்தைந்து நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. டை-பிரேக்கரில் நாலுக்கு மூன்று என்று தோற்றோம். பத்தேகாலுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு வந்தபோது வார்டன் கேட்டார்: "என்னப்பா, மேட்ச் கேன்சலா?" "இல்லீங்க சார், முடிஞ்சிருச்சு" என்றான் எங்கள் கோலி. அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவன் யாரிடமும் பேசவில்லை.

ஜூலையிலிருந்து ஜனவரி வரைக்கும் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் காலை ஆறு மணிக்கு ஓடியவர்கள் நாங்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூர்க் கழிவையும் சுமந்துகொண்டு இங்கே வந்து நுரை தள்ளுகிற நாட்களில், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம். "குடுறா" என்று ஒருவன் தமிழில் கத்துவான், "இவ்வுரா" என்று இன்னொருவன் தெலுங்கில், "கொடோ" என்று மற்றொருவன் கன்னடத்தில். பந்துக்கு மூன்று பாஷையும் புரியும். இத்தனையும் அந்த ஐம்பது நிமிடத்துக்காக!

முதலாமாண்டில் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாமாண்டில் ஐம்பது நிமிடம். இந்த ஆண்டும் முதல் சுற்றிலேயே போய்விட்டோம், இன்னொரு ஐம்பது நிமிடம். ஆக என் டிப்ளமோ முழுவதிலும் வெளிக் கல்லூரியோடு நான் ஆடியது மொத்தம் நூறு நிமிடம். ஒரே ஒரு போர்டு பரீட்சைக்கே நூற்றெண்பது நிமிடம் தருகிறார்களே ஐயா!

"தோத்துட்டு வந்து புலம்புறான்" என்பீர்கள். உண்மைதான். ஜெயித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஜெயிக்கிறவன் இதை யோசிப்பதே இல்லை, தோற்கிறவன் பேசினால் புலம்பல் என்கிறோம். அதனால்தான் இந்த முறை மாறாமலே கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அணிகள் நாக்-அவுட்டில் ஆடினால் மொத்தம் ஏழு ஆட்டம். அதில் நாலு அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டும். அதாவது, வந்தவர்களில் பாதிப் பேர்!

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1938 உலகக் கோப்பை முழுக்க நாக்-அவுட் முறையில் நடந்தது. அன்று டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஓர் அணி வாரக்கணக்கில் கப்பலில் பிரான்சுக்குப் போனது. ஹங்கேரியிடம் ஆறு கோலில் தோற்றது. ஒரே ஆட்டம், திரும்பக் கப்பல். 1950-இல் குழு முறையை மீண்டும் கொண்டுவந்தார்கள். 2026 உலகக் கோப்பைக்கு வகுத்த முறையில் அணிகள் 48. எவ்வளவு சின்ன நாடானாலும் குறைந்தது மூன்று ஆட்டம் உண்டு.

நம் நாட்டுக் கதையும் இதேதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரின் சாரங்கபாணி ராமன், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை அடித்தார். இரண்டு பெனால்டி வீணானது. இரண்டுக்கு ஒன்று என்று தோல்வி, அத்தோடு போட்டியை விட்டே வெளியே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் குழு முறை இருந்தது. ஹங்கேரியிடம் முதலில் தோற்றும் நமக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. அந்த அடுத்த ஆட்டத்தில் அதே பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்தச் சமன் நடந்தே இருக்காது.

இதைச் சொன்னதும் விளையாட்டு அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் கேட்டார்: "தோத்தவனுக்கு எதுக்குப்பா இன்னொரு மேட்ச்?" நியாயமான கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன். லேத்தில் முதல் ஜாப்பில் அளவு தவறி அதிகமாகச் சீவிவிட்டால், "போ வீட்டுக்கு" என்றா வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள்? திட்டுவார்கள், அப்புறம் இன்னொரு ராடை வெட்டித் தருவார்கள். அந்த இரண்டாவது ராடில்தானே நாம் வேலையே கற்றோம்? அரியர் விழுந்தவனுக்குக்கூட ஏப்ரல் போனால் அக்டோபர் வருகிறது. பந்தாட்டக்காரனுக்கு அக்டோபரே கிடையாதா?

செலவு, நாள், மைதானம், அட்டெண்டன்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எட்டு அணிகளை இரண்டு குழுவாகப் பிரித்து லீக் ஆடினால் அரையிறுதி, இறுதி சேர்த்துப் பதினைந்து ஆட்டம். இரண்டு நாளில் அதை முடிக்க நினைத்தால் பிள்ளைகளின் கால் தாங்காது. எனவே நான் அதைக் கேட்கவில்லை. முதல் சுற்றில் தோற்ற நாலு அணிகளுக்கும் தனியாக ஒரு சின்னக் கோப்பை வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி, கூடுதலாக மூன்றே மூன்று ஆட்டம். ஏழு பத்தாகும், அவ்வளவுதான். ஆனால் வருகிற ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் உறுதி. நம் பேரவை இதைக் கோரிக்கையாக எழுதி, பி.டி. சார் மூலமாக, அடுத்த ஆண்டு அட்டவணை போடும் முன்பே அனுப்ப வேண்டும்.

மற்றவர்களைக் கேட்கும் முன் நம் முதுகையும் பார்ப்போம். நம் துறைகளுக்கிடையேயான போட்டியும் நாக்-அவுட்தானே? ஐந்து துறைக்கு நாலே ஆட்டம். அதையே லீக்காக ஆடினால் பத்து ஆட்டம், ஒவ்வொரு துறைக்கும் நாலு. சனிக்கிழமைக்கு ஒன்று வீதம் வைத்தாலும் பத்து வாரத்தில் முடிந்துவிடும். இதற்கு யார் உத்தரவும் தேவையில்லை, ஒரு பந்தும் ஒரு விசிலும் போதும். சிவில்காரர்களே, கம்ப்யூட்டர் நண்பர்களே, தயாரா?

அன்று பேசாமல் இருந்த எங்கள் கோலி இப்போது சிப்காட்டில் அப்ரண்டிஸ். ஷிப்ட் முடிந்து வரும்போது நம் மைதானத்தோரம் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்ப்பான். "உள்ள வாடா" என்றால், "போதும்டா, தூக்கம் வருது" என்று போய்விடுவான். நாமும் நாளைக்கு அந்த ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான். பந்து நம் காலடியில் இருப்பது இந்த மூன்று வருடம் மட்டும். நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்த நண்பர்களுக்கோ இரண்டே வருடம்.

கோப்பை ஒருவருக்குத்தான் கிடைக்கும், அது விளையாட்டின் விதி. ஆட்டம் எல்லோருக்கும் கிடைக்கட்டும்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை