பிள்ளையைத் திருத்துவதா? கோர்ட்டில் தள்ளுவதா?

ஒரு தோட்டத்தில் 15 வயதுப் பையன், அடுத்த லயத்துத் தொழிலாளியின் சைக்கிளைத் திருடிப் பழைய இரும்புக்கு விற்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வருகிறது, பிறகு கோர்ட்டு. தவணைக்கு மேல் தவணை. தகப்பன் கோர்ட்டு வாசலில் நிற்கும் நாளில் பெரட்டில் அவன் பெயர் இல்லை. பெயர் இல்லாத நாளுக்குக் கூலி ஏது? சைக்கிளைப் பறிகொடுத்தவனோ விடியற்காலையில் நிரைக்கு நடந்தே போகிறான். அவனைச் சாட்சி சொல்ல அழைக்கும் கோர்ட்டு, "உன் நஷ்டத்துக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது அபூர்வம். இதுதான் நீதியா என்று நாம் கேட்கிறோம்.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கெனத் தனிக் கோர்ட்டு அமைத்தது. மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக ஆலோசகர் இருவர். அவர்களில் ஒருவராவது பெண். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் தனிக் கோர்ட்டும் கோர்ட்டுதானே! 1995இல் மலேசியா சேர்ந்த ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தத்தின் 40ஆம் பிரிவு, தகுந்த இடங்களில் கோர்ட்டுக்குப் போகாமலே தீர்க்க வழி காணும்படி சொல்கிறது.

அந்த வழியை நியூசிலாந்து 1989இல் சட்டமாக்கியது. தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் அடைப்பதை எதிர்த்து மாவோரி மக்கள் எழுப்பிய குரலே அதற்குத் தூண்டுதல். அங்கே பையன், அவன் குடும்பத்தார், நஷ்டப்பட்டவர், போலீசார் ஆகியோர் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். நஷ்டப்பட்டவர் தம் துன்பத்தை நேருக்கு நேர் சொல்கிறார். குடும்பத்தார் தனியே கலந்து பேசுகிறார்கள். மன்னிப்பா, நஷ்டஈடா, உழைத்துத் தீர்ப்பதா என்று திட்டம் வகுக்கிறார்கள். பையன் குற்றத்தை மறுக்காத வழக்கில், இந்தக் கூட்டம் நடக்காமல் கோர்ட்டு முடிவு சொல்ல முடியாது. கொலைக் குற்றம் இதற்குப் புறம்பு.

"இது செல்லம் கொடுப்பதல்லவா?" என்பார் சிலர். அல்லவே அல்ல! வக்கீலுக்குப் பின்னால் வாய்மூடி நிற்பது சுலபம். தன்னால் கால்கடுக்க நடந்தவனின் முகத்தைப் பார்த்து, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்வதே கடினம்.

"நம் பழைய தோட்டப் பஞ்சாயத்துப் போதாதா?" என்பார் வேறு சிலர். போதாது. கங்காணிக்கு வேண்டியவன் தப்புவதும், வேண்டாதவன் மரத்தில் கட்டி வைத்து அடிபடுவதும் நீதியாகா. குற்றத்தை மறுக்கும் பிள்ளைக்குக் கோர்ட்டும் வக்கீலும் இருந்தே ஆகவேண்டும். பயமுறுத்திப் பெற்ற ஒப்புதல் ஒப்புதலாகாது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: சின்னக் குற்றம் செய்த பிள்ளைக்கு முதலில் குடும்பக் கூட்டம், கோர்ட்டு கடைசியில். அந்தக் கூட்டம் வேலை நேரத்துக்கு அப்பால், தோட்டத்துக்குப் பக்கத்தில், நம் தாய்மொழியில் நடக்கட்டும். சைக்கிளை இழந்தவனுக்குச் சைக்கிள் கிடைக்கட்டும். பையனுக்குப் பள்ளிக்கூடம் தொடரட்டும்.

கத்தி ஆழமாகப் பட்டுப் பட்டை காயப்பட்டால் மரத்தையே வெட்டிச் சாய்ப்பதில்லை. காயம் ஆற மருந்து பூசுகிறோம். மரத்துக்குக் காட்டும் பொறுமையை நம் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?