றகர் வாழ்வும் திருகோணமலையின் மூடிய வாயில்களும்

இலங்கையில் றகர் விளையாட்டென்றதும் கொழும்பும் கண்டியும் நினைவுக்கு வருகின்றன. திருகோணமலை எவர் நினைவுக்கும் வருவதில்லை. இப்பகுதியினர் உதைபந்தாட்டக்காரர், றகர் அவர்தம் உடலுக்கும் மரபுக்கும் ஒவ்வாதது என்று இதற்குக் காரணம் கற்பிப்போர் உளர். இக்கூற்றுப் பொய்யானது. பொய் என்பதோடு, மனிதர் இழைத்த அநீதியை இயற்கையின் தலையில் சுமத்தும் தந்திரமுமாகும்.

உடல் பற்றிய வாதம் வரலாற்றின் முன் நில்லாது. 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்பில் இலங்கை அணியை எதிர்த்தாடியபோது, இலங்கைக்காகக் களமிறங்கியவர்களுள் ஒருவர் சும்மா நவரத்தினம். குறுந்தூர ஓட்டத்திலும் நாட்டின் முன்னணியில் நின்ற தமிழர். அவர் பயின்றது கொழும்பு றோயல் கல்லூரியில். மைதானம் இருந்த இடத்தில் தமிழனும் ஆடினான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. திருக்கடலூரிலும் குச்சவெளியிலும் கரைவலை இழுக்கும் தோள்களுக்கு, எண்மர் தோள்கோத்து முட்டித் தள்ளும் ‘ஸ்கிரம்’ அந்நியமாகிவிடுமோ?

மரபு பற்றிய வாதமும் அத்தகையதே. மரபு வானிலிருந்து இறங்குவதன்று. 1906இல் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே பாடசாலை றகர் தொடங்கியது. 1945 முதல் பிராட்பி கேடயம் றோயலையும் திரித்துவத்தையும் இணைத்தது. மைதானமும் பயிற்சியாளரும் பழைய மாணவர் செல்வமும் சேர்ந்து வளர்த்ததற்கே மரபு என்று பெயர். திருகோணமலையிலோ பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்தது. துறைமுகத்தை ஆண்டவர்களின் தேசிய விளையாட்டுகளுள் ஒன்றான றகர், துறைமுகத்து மக்களின் பாடசாலைகளில் வேரூன்றவில்லை. தளம் கைமாறியது, மதில் கைமாறவில்லை.

1995இல் சர்வதேச றகர் சபை, வீரர் ஊதியம் பெறுவதற்கிருந்த தடையை நீக்கிய பின்னர் இவ்விளையாட்டு ஒரு தொழிலாயிற்று. பத்து இலட்சம் மக்கள்தொகையும் இல்லாத பீஜித் தீவினர் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கழக ஒப்பந்தம் பெற்றுக் குடும்பங்களைத் தாங்குகின்றனர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் றகர் தங்கத்தையும் அந்நாடே வென்றது. இலங்கையிலோ றகர் வாழ்வு பெரும்பாலும் உத்தியோகத்தோடு ஒட்டியது. தேசிய லீக்கில் நெடுங்காலம் மோதிய எட்டுக் கழகங்களுள் நான்கு இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றுக்குரியவை. வீரன் அங்கே சம்பளம் பெறும் படைவீரனாகவும் இருக்கிறான். 2009இல் போர் முடிந்த பின்னரும் அப்படைகளின் வாயில் தமிழ் இளைஞனுக்கு வாழ்க்கைத்தொழிலின் வாயிலாகத் தோன்றவில்லை. ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே முதல் வாயில் செல்வப் பாடசாலை. இரண்டாவது வாயில் சீருடை. இரண்டும் மூடியிருக்க, “ஆர்வமில்லை” என்று இளைஞனைப் பழிப்பது எவ்வகை நீதி?

மூன்றாவது வாயிலை மூடியிருப்பது தமிழ்ச் சமூகமே. உயர்தரப் பரீட்சையும் தனியார் வகுப்பும் அன்றி வேறு வாழ்வே இல்லை என்று கருதும் பெற்றோர், “விளையாட்டுச் சோறு போடுமா?” என வினவுகின்றனர். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. றகர் வீரனின் தொழிற்காலம் குறுகியது. முழங்காலும் தலையும் அடிபடும். முப்பதுகளின் நடுவில் பெரும்பாலோர் களத்தை விட்டு விலகுகின்றனர். ஆயினும் பல்கலைக்கழக வாயிலும் எல்லோருக்கும் திறப்பதன்று. அதில் நுழையமுடியாத ஆயிரவருக்குச் சமூகம் வைத்திருக்கும் மாற்று வழி எது?

றகர் ஒன்றே திருகோணமலையை உய்விக்கும் என்பதன்று வாதம். ஒரு தொழிலின் கதவு, பிறந்த ஊரையும் பேசும் மொழியையும் பார்த்துத் திறக்கலாகாது என்பதே வாதம். மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் சிலவற்றிலேனும் முறையான பயிற்சியாளர் நியமிக்கப்படவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அதற்குத் துணைநிற்கவேண்டும். கொழும்பு, கண்டிக் கழகங்கள் வீரரைத் தேடிக் கிழக்குக்கும் வரவேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. தேவைப்படுவது, துறைமுக மதிலுக்கு வெளியிலும் மனிதர் வாழ்கின்றனர் என்ற உணர்வு. அவ்வுணர்வு பிறக்கும்வரை, ‘தேசிய அணி’ என்னும் சொல்லின் முதற்பாதி கடனாகவே நிற்கும்.