ஆண்டவரிடம் அரியர்ஸ் கேட்பவர்கள்

"ஆண்டவருக்கு உண்மையாக இருந்தேன், அதனால் அவர் எனக்குச் செய்தார்." இந்த வாக்கியத்தைச் சில ஆண்டுகளாக நம் பக்கத்தில் அதிகமாகவே கேட்கிறேன். செபக்கூட்டம், தவக்காலத் தியானம், அன்பியக் கூட்டம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். மகனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. மனை வழக்கு நம் பக்கம் தீர்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டே போன பெண்ணின் கல்யாணம் கூடி வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டுகிறார்கள், அல்லேலூயா சொல்லுகிறார்கள், பிறகு சுண்டலும் காபியும்.

இந்தப் பழக்கம் தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். எழுபதைத் தாண்டிவிட்டேன், இனிமேல் என்னை யார் காரைக்காலுக்கு டிரான்ஸ்பர் போடப் போகிறார்கள்?

நன்றி சொல்வதை நான் குறை சொல்லவில்லை. விசா கிடைத்தால் நன்றி சொல்லத்தான் வேண்டும். என் சண்டையெல்லாம் நடுவில் வரும் அந்த "அதனால்" என்ற சொல்லோடுதான்.

நான் படித்தது பிரெஞ்சில். அந்த மொழியில் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவனுக்கு ஒரு சொல் உண்டு, குருவாயான் (குருவாயூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கோவிலுக்கு வருகிற மக்களுக்கு வேறு சொல், ஃபிதேல். ஃபிதேல் என்றால் மாறாதவன், விட்டுப் போகாதவன். மனைவியை விட்டு விலகாத கணவனுக்கும் அதே சொல், வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அதே சொல். பழைய தமிழில் நமக்கு "விசுவாசம்" என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்தது. 1995-இல் புது மொழிபெயர்ப்பு வந்தபோது விசுவாசம் போய் நம்பிக்கை வந்தது, நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. விசுவாசத்தை நாய்க்கு மட்டும் விட்டுவிட்டோம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனாலும் நம்மிடம் இன்னொரு நல்ல சொல் தப்பித்து நிற்கிறது. கல்யாணப் பூசையில் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது சொல்லுகிறோமே, பிரமாணிக்கம். அங்கே யாரும் "நீ எனக்கு நகை போட்டால் பிரமாணிக்கமாக இருப்பேன்" என்று சொல்லுவதில்லை. நோயிலும் துன்பத்திலும் என்று தெளிவாகவே சொல்லித்தான் கை பிடிக்கிறோம். மனுஷிக்குக் கொடுக்கிற வாக்கில் இல்லாத நிபந்தனை ஆண்டவருக்குக் கொடுக்கும் வாக்கில் எப்படி வந்து நுழைந்தது?

எனக்குத் தெரிந்தவரை அது அலுவலகத்திலிருந்து வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவன் சொல்லுகிறேன். சர்வீஸ் புக்கில் கறை இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் இன்கிரிமெண்ட் வரும். வரவில்லையென்றால் மனுப் போடலாம், அரியர்ஸோடு வாங்கலாம், அது நம் உரிமை. அந்தப் புத்தியை அப்படியே கோவிலுக்குள் கொண்டுபோய், இத்தனை நவநாள், இத்தனை உபவாசம், இத்தனை காணிக்கை, என் அரியர்ஸ் எங்கே என்று நிற்கிறோம். ஆண்டவர் கருவூலத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை.

யோபுவின் ஆகமத்தைத் திறந்து முதல் அதிகாரத்தை மட்டும் வாசியுங்கள். அங்கே சாத்தான் கடவுளிடம் போடுகிற வழக்கு என்ன? யோபு சும்மாவா உமக்குப் பயந்து நடக்கிறான், சுற்றிலும் வேலி போட்டுக் கொடுத்திருக்கிறீர், ஆடு மாடு கொடுத்திருக்கிறீர், அதை எடுத்துப் பாரும், அப்புறம் தெரியும் என்பதுதான். மனிதன் கூலிக்குத்தான் பக்தி செய்வான் என்பது சாத்தானின் கட்சி. நம் கூட்டங்களில் மைக் பிடித்து "உண்மையாயிருந்தேன், அதனால் கிடைத்தது" என்று சொல்லும்போது எந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்லுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தோமா?

2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அதில் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் நம் தேவசகாயம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர், அதாவது நம்மைப் போல அரசாங்கச் சம்பளக்காரர். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது டச்சுக்காரர் தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைத்தான் சொன்னார் என்பார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு நஷ்டம் நின்றதா? பதவி போயிற்று, சிறை வந்தது, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அடித்து இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். ஞானஸ்நானம் பெற்று ஏழு வருடம்கூட நிறையவில்லை.

அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொருவர் ஷார்ல் த ஃபூக்கோ. பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரி, வாலிபத்தில் தேவ நம்பிக்கையையே தொலைத்தவர், 1886-இல் திரும்பி வந்தவர். பிறகு குருவாகி சகாரா பாலைவனத்துக்குப் போய், தாமன்ராசெத் என்ற இடத்தில் துவாரெக் மக்களோடு வாழ்ந்தார். அவர்கள் பாஷையைக் கற்று அகராதி எழுதினார். தம்மோடு வாழச் சகோதரர்கள் வருவார்கள் என்று சபை ஒழுங்கெல்லாம் எழுதி வைத்துக் காத்திருந்தார். அவரோடு நிலைத்து நிற்க ஒருவரும் வரவில்லை. மனந்திருப்பினேன் என்று கணக்குக் காட்டவும் ஏறக்குறைய ஆளே இல்லை. ஒரு காலத்தில் பூசைக்கு உதவி செய்ய ஒரு கிறிஸ்தவன் கூட இல்லாமல், அன்றைய சட்டப்படி தனியாகப் பூசை வைக்க முடியாமல், மாதக்கணக்கில் பூசையே இன்றி இருந்தார். லத்தீன் பூசைக் காலத்தில் பீடச் சிறுவனாக நின்றவன் நான், நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் மணி அடிக்கப் போட்டி போடுவோம். அந்த மனிதருக்கு ஒரு பையன் கிடைக்கவில்லை. 1916 டிசம்பர் 1-ஆம் தேதி தம் இருப்பிடத்து வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார்.

இந்த இருவரையும் நம் செபக்கூட்ட மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொன்னால் என்ன சொல்லுவார்கள்? தேவசகாயம் எந்த விசாவைக் காட்டுவார்? ஆனால் திருச்சபை பீடத்தில் ஏற்றியது இவர்களைத்தான்.

"அப்படியானால் வேண்டிக்கொள்ளவே கூடாதா, வில்லியனூருக்கு ஏன் போகிறீர்கள்?" என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. நானும் போகிறேன், குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருகிறேன். முட்டிவலிக்கு வேண்டிக்கொள்ளவும் செய்கிறேன். பிள்ளை தாயிடம் கேட்பது வேறு, கடன்காரன் வாசலில் நின்று கேட்பது வேறு. கிடைக்காவிட்டாலும் பிள்ளை அதே வீட்டில்தான் படுக்கும். வில்லியனூர் மாதா லூர்து மாதா. லூர்து நகரில் அந்தக் காட்சியைக் கண்ட பெர்னதெத் என்ன ஆனாள்? ஊரெல்லாம் குணம் தேடி வந்த ஊற்றைத் தன் கையால் தோண்டித் திறந்தவள், ஆஸ்துமாவும் காசநோயுமாக நெவேர் மடத்தில் 35 வயதில் செத்தாள். மாதா அவளை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லத் துணிவீர்களா?

மலாக்கி ஆகமத்தைக் காட்டி, பத்திலொரு பங்கு கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதே ஆகமம் கூலிக்காரனுக்குக் கூலியைக் குறைக்கிறவனையும் விதவையை ஒடுக்குகிறவனையும் ஆண்டவர் நியாயம் விசாரிப்பார் என்று சொல்லும் வசனம் அதற்குச் சில வரிகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதை வைத்து யாரும் பேனர் அடிக்கவில்லை.

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்தால் நான் கணினி முன்னால் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா. மகனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, பிறந்ததிலிருந்து நடையும் இல்லை, பேச்சும் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அந்த அம்மாதான். காலை முதல் பூசைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், நன்மை வாங்கிக்கொண்டு, மகன் எழுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். ஒருநாள் யாரோ வற்புறுத்தி ஒரு குணமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். வெளியூர் போதகர் ஒருவர் மகன் தலையில் கை வைத்து உரக்கச் செபித்தார். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் அந்த அம்மா என்னிடம், "அண்ணே, நாப்பது வருஷமா எனக்கு விசுவாசம் இல்லையாண்ணே?" என்று கேட்டார்.

அந்த "அதனால்" போய் முடிகிற இடம் இதுதான். கிடைத்தவன் உண்மையுள்ளவன் என்றால் கிடைக்காதவன் பொய்யன் என்று ஆகிறது. கை தட்டுகிற நூறு பேரில் இதை யோசிக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். தானியேல் ஆகமத்தில் அந்த மூன்று இளைஞர்கள் நெபுகத்னேசரிடம் என்ன சொன்னார்கள்? எங்கள் கடவுள் காப்பாற்றுவார், காப்பாற்றாமல் போனாலும் உன் சிலையைக் கும்பிட மாட்டோம் என்றார்கள். நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது சூளையிலிருந்து கருகாமல் வந்ததைத்தான் சொல்லுகிறோம், அந்தக் "காப்பாற்றாமல் போனாலும்" என்பதை விட்டுவிடுகிறோம். எங்கள் தெரு அம்மா நாற்பது வருடமாக அந்த ஒரு சொல்லைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

செபக்கூட்டக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு, ஐம்பது வருடமாக ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து பூசை காணும் என் வயதுக்காரர்களை விட்டுவிட்டால் அது ஓரவஞ்சனை. நம்மில் பலருக்கு ஞாயிறு பூசை என்பது நவம்பர் மாதத்தில் பென்ஷன்காரர்கள் கொடுக்கிற உயிர்ச் சான்று மாதிரி. (நம் ஊர் சொல்தா வீடுகளில் கான்சுலுக்குக் கொடுக்கும் செர்த்திபிகா த வி என்றால் இன்னும் நன்றாகப் புரியும்.) இன்னும் உயிரோடு இருக்கிறேன், பதிந்துகொள்ளுங்கள், வருகிறேன்.

1745 என்று மேலே சொன்னேன். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வருடம் நம் சம்பா கோவிலில் ஒரு தகராறு. கோவிலுக்குள்ளேயே பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அவர்கள் போய் நியாயம் கேட்டதும் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவரைக் காக்க நின்றவர்கள் பூசைக்கு வராதவர்களா? செபமாலை சொல்லாதவர்களா? எல்லாம் செய்தவர்கள்தான். இன்றைக்கும் கல்லறையில் இரண்டு பக்கம் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளைப் பட்டத்தைப் பீடத்தில் ஏற்றுவதற்கு முன்பே ரோமாபுரி எடுத்துவிட்டது, நாம் பேரனுக்குப் பெண் தேடும் விளம்பரத்தில் ஆர்.சி. என்று போட்டு ஒரு கமா வைத்து அடுத்து என்ன எழுதுகிறோம்? அந்தக் கமாவுக்குப் பின்னால் வருவதுதான் நாம் உண்மையில் பிரமாணிக்கமாக இருக்கிற சாமி. பூசைக்கு ஒருநாள் தவறினாலும் தவறுவோம், அதற்குத் தவற மாட்டோம்.

எனவே பங்குத்தந்தையர்களுக்கும் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சாட்சி சொல்லும் நேரம் இருந்தே தீரவேண்டும் என்றால், அடுத்த முறை கேட்டது கிடைக்காதவர்களை மேடைக்கு அழையுங்கள். பக்கவாதத்தில் படுத்த மனைவிக்குப் பத்து வருடமாகத் தலை சீவி விடுகிற கணவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். லஞ்சம் வாங்காமல் ரிட்டயர் ஆகி இன்னும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெரு அம்மாவையும் கூப்பிடுங்கள். அவர் மேடையில் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். பதினோரு மணிக்கு மகனுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும், கூட்டம் அதற்குள் முடிந்துவிடுமா என்றுதான் முதலில் கேட்பார்.