ரவிராஜ் பேசிய சிங்களம்

நவம்பர் 10 வரும்போதெல்லாம் நடராஜா ரவிராஜ் நினைவுகூரப்படுகிறார். சாவகச்சேரியில் அவரது சிலைக்கு மாலை சூட்டப்படுகிறது. புலிகள் வழங்கிய மாமனிதர் பட்டம் உரைகளில் முதலிடம் பெறுகிறது. அவர் சிங்களத்தில் பேசக்கூடியவர் என்பது மட்டும் போகிறபோக்கில் சொல்லப்படும் ஒரு தகுதியாகவே நின்றுவிடுகிறது. அவரது அரசியல் வாழ்வின் சாரமே அதுதான் என்பது எனது கணிப்பு.

சட்டத்தரணியான ரவிராஜ், தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் 1998 ஜனவரித் தேர்தலில் யாழ். மாநகர சபைக்குத் தெரிவானார். அவ்வாண்டு மே 17ஆம் திகதி மேயர் சரோஜினி யோகேஸ்வரன் தமது வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11ஆம் திகதி குண்டுவெடிப்பில் மாண்டார். விரல்கள் புலிகளையே சுட்டின. பிரதி மேயராக இருந்த ரவிராஜ் 2001இல் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசெம்பரிலேயே பாராளுமன்றத்துக்கும் தெரிவானார்.

2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு புலிகளைத் தமிழரின் ஏகப் பிரதிநிதிகளாக ஏற்றுத் தேர்தலைச் சந்தித்தது. ரவிராஜும் அந்த அணியில் நின்றார். இது முரண் அல்லவா என்று கேட்போர் உண்டு. முரண்தான். அதை மூடிவைத்துவிட்டு அஞ்சலிக் கட்டுரை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் அந்த அணியில் வேறெவரும் பெரிதாகச் செய்யாத ஒன்றை அவர் செய்தார். எமது தலைவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத்திலேயே நியாயம் கேட்டவர்கள். அது தூதரகங்களுக்கு எட்டியது. அநுராதபுரத்து விவசாயிக்கு எட்டவில்லை. ரவிராஜோ சிங்களத் தொலைக்காட்சி விவாதங்களில் அமர்ந்து, அவர்களது மொழியிலேயே வடக்கு கிழக்கின் அவலத்தைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இடையில் இல்லாதபோது திரிப்பதற்கும் இடமில்லை.

2006 நவம்பர் 8ஆம் திகதி வாகரை, கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் வீழ்ந்தன. மறுநாள் கொழும்பில் ஐ.நா. அலுவலகத்தின் முன் நடந்த கண்டனப் போராட்டத்தில் ரவிராஜ் நின்றார். அதற்கடுத்த நாட்காலை நாரஹேன்பிட்டியில் அவரும் அவரது மெய்ப்பாதுகாவலரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 44.

வழக்கு பத்து ஆண்டுகள் இழுபட்டது. எதிரிகள் தரப்பு சிங்களம் பேசும் விசேட ஜூரிகளைக் கோரிப் பெற்றது. 2016 டிசெம்பர் 24ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், கடற்படைப் புலனாய்வாளர்கள் உட்பட ஐவரையும் ஜூரிகள் குற்றவாளிகள் அல்லர் என்றனர். ரவிராஜ் எந்த மொழியில் அம்மக்களை நம்பிப் பேசினாரோ, தீர்ப்பும் அந்த மொழியிலேயே வந்தது.

இதைக் காட்டி, சிங்களவரிடம் பேசிப் பயனில்லை என்று வாதிடும் நண்பர்கள் எனக்குண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஜூரி ஆசனத்தில் இருந்தவர்கள் ஒரு சிலர். தொலைக்காட்சியில் ரவிராஜைக் கேட்டவர்கள் இலட்சக்கணக்கானோர். அவரது கொலையைக் கண்டித்துக் கொழும்பில் வீதிக்கு இறங்கியவர்களுள் சிங்களவரும் இருந்தனர். அவரைக் கொல்ல ஏவியவர்களுக்கு அந்தச் சிங்களத்தின் வலு நன்கு தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.