எல்டர்பெர்ரியும் நமது பண்டகசாலையும்

சென்ற மாதம் நான் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு சங்கத்தில், நிர்வாகக் குழுவின் முன் விசித்திரமான தீர்மானம் ஒன்று இருந்தது. எல்டர்பெர்ரி என்னும் அயல்நாட்டுப் பழத்தின் பாகு நூறு புட்டிகள் வாங்கிப் பண்டகசாலையில் வைப்பதென்பதே அது. முகவர் நல்ல கமிஷன் தருவதாகக் கூறியிருந்தார். புட்டியைக் காட்டிலும், அதனுடன் அவர் கொடுத்துச் சென்ற துண்டுப் பிரசுரந்தான் என்னைத் திகைக்க வைத்தது. சளி, இருமல், இன்புளுயென்ஸா, கோவிட் யாவற்றையும் அப்பாகு போக்கிவிடுமாம்! காரியதரிசி என் அபிப்பிராயத்தைக் கேட்டார். அன்று கூறியதைச் சற்று விரித்து இங்கு எழுதுகிறேன். வேறு சங்கங்களுக்கும் இந்த முகவர்கள் வரக்கூடும்.

பழத்தின்மீது எனக்குப் பகையில்லை. ஐரோப்பாவின் வேலியோரங்களில் வளரும் சிறு மரம் அது. அந்நாட்டு மக்கள் அதன் வெண்ணிறப் பூவைப் பானமாகவும், கருநீலப் பழத்தைக் காய்ச்சிய பாகாகவும் ஜலதோஷத்திற்குத் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்திருக்கின்றனர். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்தில் விவசாயிகள் கூட்டுறவு முறையிலேயே இதனைப் பயிரிட்டு விற்கின்றனர் என்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி.

ஆனால் குணம் எவ்வளவு? நார்வேயில் இன்புளுயென்ஸா கண்ட 60 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2004இல் வெளியாயிற்று. பாகு அருந்தியவர்களுக்குச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகவே உபாதை தணிந்ததென அது கூறியது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு 87 பேரிடம் அதே நோய்க்குச் சோதித்து, பயன் ஏதும் காணவில்லை. கோவிடைத் தீர்க்கும் என்பதற்கோ ஆதாரமே இல்லை. அவ்வாறு விளம்பரம் செய்த வியாபாரிகள்மீது அமெரிக்க அரசு அமைப்புகளே நடவடிக்கை எடுத்தன.

இனி நஞ்சைப் பற்றி. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு என்னவாகும் என்பதையும், மரவள்ளித் தழையைத் தின்ற ஆடு ஏன் விழுகிறது என்பதையும் நம் விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்டர்பெர்ரியின் இலை, காம்பு, கிளை, பச்சைக் காய் ஆகியவற்றிலும் உடலுக்குள் சென்றதும் அதே சயனைடு நஞ்சை விடுவிக்கும் பொருள் உள்ளது. பழுத்த கனியையும் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மாண்டரே வட்டாரத்தில், ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் கூடியிருந்தவர்கள் பழத்தை இலையோடும் கிளையோடும் நசுக்கிப் பிழிந்த சாற்றை மறுநாள் அருந்தினர். கால்மணி நேரத்திற்குள் 11 பேருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. ஐந்து குவளை குடித்த ஒருவர் மயக்க நிலையில் இரவு முழுவதும் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. அனைவரும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். மரவள்ளிக் கிழங்கை நாம் வேகவைத்தே உண்பதுபோல, இப்பழத்தையும் காம்பு நீக்கி, நன்கு கனிந்ததை மட்டும் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். உலர்ந்த பழத்தை இணையம் மூலம் தருவித்து ஊறவைத்துக் குடிக்கும் அங்கத்தினர்கள் இதனைக் கவனிக்கட்டும்.

கலப்படமும் உண்டு. இப்பழத்தின் சாற்றில் கறுப்பரிசிச் சாற்றைக் கலந்து விற்பதை மேல்நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கின்றனர். இரண்டின் நிறமும் ஒரே வகைப் பொருள்களால் ஆனது. நம் கவுனியும் கறுப்பரிசிதான். அதைச் சோறாகவே ஆக்கி உண்டால் செலவு குறைவு!

நகைச்சுவை இருக்கட்டும். எனக்கு உண்மையில் கவலையளிப்பது வேறு. அதே ஊரில், நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் தாயார் காய்ச்சலுக்கு நான்கு நாள் இத்தகைய பாகையே நம்பியிருந்தார். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தனர்; நுரையீரல் அழற்சியாம். பிழைத்துக்கொண்டார். பாகு அவரை நோய்ப்படுத்தவில்லை. நான்கு நாளைப் பறித்துக்கொண்டது. அந்தப் புட்டியைச் சங்கத்தின் பண்டகசாலையில் வாங்கியிருந்தால், "சங்கமே விற்றது" என்னும் நம்பிக்கையில் ஐந்தாம் நாளும் காத்திருந்திருப்பார்.

ஆகவே நான் குழுவுக்குச் சொன்னது இது. பிரசுரத்தைத் திருப்பி அனுப்புங்கள். பாகை விற்றே தீர வேண்டுமானால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், இறக்குமதியாளரின் முகவரியும் புட்டியில் உள்ளனவா என்று பாருங்கள். பழம் காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கு எழுத்துமூலமான அத்தாட்சி கேளுங்கள். மருந்துகளின் அருகே அடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோருக்கும், மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாதென்று பணியாளரிடம் சொல்லி வையுங்கள்.

தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. கமிஷன் போகிறதே என்று உறுப்பினர்களில் இருவருக்கு என்மீது வருத்தம்.